கண் கழுவும் குழாயில் வெந்நீர்

திங்கட்கிழமை காலையில் கண் கழுவும் குழாய்களைத் திறந்து பார்ப்பது ஸ்வரூபாவின் பொறுப்பு. அமிலமோ காரமோ கண்ணில் தெறித்தால் ஓடிவந்து முகத்தைக் காட்டவேண்டிய குழாய்கள் அவை. ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த அந்த மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் அவளுக்குக் கங்கம்மா என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

"கங்கம்மா வந்தாச்சு, குளிக்கறவங்க வரிசையில வாங்க" என்பான் பக்கத்து மேசை சத்தையா.

"முதல்ல உன்னத்தான் குளிப்பாட்டணும். போன வாரக் கோட்டு இன்னும் மாத்தல."

மே மாதத்தில் ஒருநாள் காலைக் கூட்டம் நீண்டு, சோதனை மதியத்துக்குத் தள்ளிப்போனது. வெயில் தாங்காமல், முகத்தையும் நனைத்துக்கொள்ளலாமே என்று குனிந்தவள் அலறிப் பின்வாங்கினாள். மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் கிடந்து சூடேறிய தண்ணீர் டீ போடும் சூட்டில் வந்தது. காலையிலேயே பார்த்து வந்ததால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

ஆய்வகத் தலைவர் கோதண்டராவிடம் போய்ச் சொன்னாள்.

"தண்ணி வருதில்ல? மழை வந்தா தானா ஆறிடும்மா."

"அதுவரைக்கும் யார் கண்ணுலயும் தெறிக்காதா சார்?"

"குழாய் மாத்தணும்னா வேலைய நிறுத்தணும். நாளைக்கு சரக்கு போகணும்."

ஸ்வரூபா திரும்பிவந்து குழாய்களில் 'பழுது' அட்டையை மாட்டினாள். அந்த அட்டை தொங்கினால் அமிலப் புட்டியைத் திறக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றினார்கள்.

கோதண்டராவ் வேகமாக வந்தார். "யாரைக் கேட்டு மாட்டினே?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். "ஒரு தடவ முகத்தக் காட்டுங்க சார். அப்புறம் நானே கழட்டிடறேன்."

அவர் முகத்தைக் காட்டவில்லை. கையை மட்டும் நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு குழாய்க்காரரைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் நிலத்தடித் தொட்டியிலிருந்து இணைப்பு வந்துவிட்டது. சரக்கு ஒருநாள் தாமதம். மேலிடத்தில் திட்டு வாங்கிய கோதண்டராவ் அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டார்.

மழை தட்டிப்போன ஜூனில் ஒரு மத்தியானம், குடுவை உடைந்து சத்தையாவின் இடது கண்ணில் காரம் தெறித்தது. ஸ்வரூபா அவன் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் அழுத்தி, இமைகளை விரலால் விரித்துப் பிடித்தாள். அவன் திமிறினான்.

"போதும் அக்கா, விடு! மூச்சு முட்டுது!"

"வாய மூடு. கண்ணத் திற."

கால் மணி நேரம் விடவில்லை. கோதண்டராவ் தன் காரிலேயே இருவரையும் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பார்வைக்குப் பயமில்லை, உடனே கழுவியதால் தப்பித்தது என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் கோதண்டராவ் ஒரு டீக்கடையில் நிறுத்தி இரானி சாய் வாங்கிக் கொடுத்தார். பழைய பேச்சை எடுக்கவில்லை.

"பக்கத்துக் கட்டடத்துக் குழாய்ங்களையும் மதியத்துல பாத்துடும்மா" என்றார்.

"பாத்துடறேன் சார்" என்றாள். ஈரச் சேலையில் அவளுக்குக் குளிர்ந்தது. இன்னொரு சாய் கேட்டு வாங்கிக் குடித்தாள்.