மக்கத்தில் கேட்ட வெடி

ரமலானும் தீபாவளியும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தால் கச்சா மைதீன் ராவுத்தருக்கு ஆகாது. ஒன்று வயிற்றைக் கட்டச் சொல்லும், இன்னொன்று கண்ணை மூட விடாது. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அப்படித்தான் வந்தது. அந்த வருஷமாகப் பார்த்துத்தான் அவர் சம்சாரம் சபுராள், நோன்பு மாசத்திலேயே குடும்பத்தோடு மக்கா போய் உம்ரா யாத்திரை செய்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

திருத்தங்கலைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் ராவுத்தருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி சொன்னால் பயர் ஆபீஸ். அவர் ஆபீஸ் அணுகுண்டுக்கு இந்தூர் வரைக்கும் பேர். தீபாவளி நெருங்கிவிட்டால் ராவுத்தர் வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரி. தை மாசம் ஹஜ்ஜே வருகிறது, சீசன் முடிந்து சாவகாசமாகப் போவோம் என்று சொல்லிப் பார்த்தார். ரமலானில் செய்கிற உம்ரா ஹஜ்ஜுக்குச் சமம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதை சபுராள் எடுத்துப் போட்டாள். ஹஜ்ரத் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு பேச ராவுத்தருக்குத் துணிச்சல் இல்லை. அவர் மார்க்கம் படித்ததெல்லாம் ஜும்மாப் பிரசங்கத்தில் தூங்கி விழித்த இடைவெளிகளில்தான்.

சபுராளின் அவசரத்துக்குக் காரணம் வேறு. பெருநாள் கழிந்ததும் மகன் அசனை மருந்து ரூமில் உட்காரவைப்பதாக ராவுத்தர் முடிவு செய்திருந்தார். பட்டாசு மருந்தைக் கலக்குகிற ரூம் அது. ஆபத்தென்றால் எந்தப் பக்கமும் பாய்ந்து ஓட நாலு பக்கமும் வாசல் வைத்துத்தான் அதைக் கட்டுவார்கள். அந்த வாசல்களின் யோக்கியதை சபுராளுக்குத் தெரியும். ராவுத்தரின் அண்ணன் காசிம் அந்த ரூமில்தான் போனார். நாலு வாசலில் ஒன்றுகூட அவருக்கு உதவவில்லை. அதற்குப் பிறகு கலவையை ராவுத்தரே பார்த்துக்கொண்டார். எதை எம்புட்டுப் போடுவது என்பது அவருக்கும் போர்மேன் சீனிச்சாமிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இப்போது ராவுத்தருக்குக் கை நடுக்கம் கண்டுவிட்டது. சீனிச்சாமிக்கும் வயதாகிவிட்டது. வேற்றாளை விட்டால் ரகசியம் அடுத்த ஆபீசுக்குப் போய்விடும், அதனால் அசன்தான் என்றார்.

அசனைக் கேட்டால், "அத்தா சொன்னாச் சரி" என்பான். அவனுக்கு விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் கடை வைக்க ஆசை. அதை அம்மாவிடம் மட்டும் சொல்வான், அதுவும் அத்தா குளிக்கப் போயிருக்கும்போது. இருபத்துமூன்று வயசாகியும் இப்படி வாயில்லாப் பிள்ளையாக இருக்கிறானே என்று சபுராளுக்கு ஆத்திரமாக வரும். புருஷனிடம் சொல்லியும் பார்த்தாள். பயந்தவன் பட்டாசு விக்கக்கூடாது, வெடிச்சத்தம் எனக்குத் தாலாட்டு என்று மீசையைத் தடவினார். சரி, இவரிடம் பேசிப் பிரயோசனமில்லை, இவருக்கு மேலே இருப்பவனிடமே பேசிக்கொள்கிறேன் என்று தீர்மானித்துவிட்டாள்.

கஃபாவை முதல் தடவை கண்ணால் பார்க்கிற நொடியில் கேட்கிற துஆ வீண்போகாது என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஒரு துஆவை சபுராள் கோர்ட்டுக்குப் போகிறவள் மாதிரி யோசித்து யோசித்துச் செதுக்கினாள். ஆபீஸை மூடிவிடு என்று கேட்டால் அத்தனை பேர் சோற்றில் மண் விழும். என் புருஷன் மனசை மாற்று என்று கேட்டால் அந்த மனுஷன் மறுநாளே திருப்பி மாற்றிக்கொள்வார். கடைசியில் ஓட்டை ஒடசல் இல்லாமல் ஒன்று அமைந்தது. 'யா அல்லாஹ், என் மகன் அசன் அந்த ரூமுக்குள் கால் வைக்கக்கூடாது.' அம்புட்டுத்தான். அசன் என்கிற பேரை அழுத்திச் சொல்லவேண்டும் என்றும் நினைத்து வைத்துக்கொண்டாள்.

மக்கா பயணம் போகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புறப்படுவது வழக்கம். ராவுத்தர் தொழில் போட்டிக்காரர் வெள்ளைத்துரையிடமும் போய், நான் ஏதும் தப்பு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். வெள்ளைத்துரை நாற்காலியை இழுத்துப் போட்டு, மொத்தமா வேண்டாம் பாய், ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, நான் பொறுத்துக்கிட்டே வாரேன் என்றார். அதோடு ராவுத்தர் மற்றவர்களிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

மக்கா போய்ச் சேர்ந்தும் மனுஷன் ஆபீஸில்தான் இருந்தார். ஜித்தா விமான நிலையத்தில் இறங்கியதும் சவூதி சிம் ஒன்று வாங்கினார். யாத்திரை உடுப்பாகத் தைக்காத வெள்ளைத் துண்டு இரண்டை உடுத்தி, நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்க, பஸ்ஸில் உட்கார்ந்து சீனிச்சாமியோடு பேசிக்கொண்டே வந்தார். இந்தூர் லோடு ஏறியதா, தார்ப்பாய் கட்டியதா, வானம் எப்படி இருக்கிறது. மற்றவர்களெல்லாம் 'லப்பைக்' என்று யாத்திரை முழக்கம் சொல்லிக்கொண்டு வர, இவர் மட்டும் மழை வராமல் இருக்கவேண்டும் என்று ஆண்டவனை வேண்டினார். தண்ணீருக்குத் தவிக்கிற விருதுநகர் ஜில்லாவுக்கு மழை வேண்டாமென்று மக்காவுக்குப் போய்க் கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். குழுவைக் கூட்டிவந்த மதுரை ஹஜ்ரத் பஸ்ஸில் எழுந்து நின்று, நோன்பு திறக்கிற நேரத்தில் இங்கே ஒரு வழக்கம் உண்டு என்று ஏதோ சொன்னார். ராவுத்தர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் லோடு கேட்டார். அசன் தூங்கினான். சபுராள் தன் துஆவை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆக, மூன்று பேருமே கேட்கவில்லை.

கஃபா இருக்கிற ஹரம் பள்ளிவாசலுக்குப் போனபோது சாயங்காலமாகிவிட்டது. முதலில் வெளி முற்றத்தில் நோன்பு திறப்போம், தொழுதுவிட்டு உள்ளே போய் உம்ராவைத் தொடங்குவோம் என்றார் ஹஜ்ரத். முற்றம் முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பை நீளமாகப் போட்டுப் பேரீச்சம்பழமும் ரொட்டியும் ஜம்ஜம் தண்ணீரும் வைத்திருந்தார்கள். உலகத்திலுள்ள நிறமெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பெண்கள் விரிப்பின் ஓரத்தில் சபுராள் உட்கார, பக்கத்து விரிப்பில் அப்பாவும் மகனும் உட்கார்ந்தார்கள். ஆளாளுக்குப் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அத்தனை ஆயிரம் பேரும் வாய் பேசவில்லை.

அப்போது எங்கோ மலை மேலிருந்து 'டமார்' என்று வெடித்தது. கல்தரை அதிர்ந்தது.

நோன்பு திறக்கிற பீரங்கி அது. ஆயிரம் ஆயிரம் கைகள் பழத்தை வாயில் போட்டன. திருத்தங்கல் ராவுத்தர் மட்டும் பழத்தை வீசியெறிந்தார். சத்தம் கேட்டால் ஓடு, என்ன ஏதென்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அவரே சொல்லிக்கொடுத்த சட்டம். எழுந்த வேகத்தில் மகனின் பிடரியைப் பிடித்துத் தூக்கினார். ரொட்டி மிதிபட்டது, யாரோ ஒரு சூடான்காரர் மடியில் தண்ணீர் கொட்டியது. மேல்துண்டு ஒரு பக்கம் போக, இடுப்புத் துண்டை மட்டும் பெல்ட்டு பிடித்து நிறுத்தி மானத்தைக் காப்பாற்ற, மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ராவுத்தர் ஓடினார்.

"ரூமை விட்டு வெளிய வாலே! வெளிய வா!"

வானமே கூரையாக இருந்த அந்த வெட்டவெளியில் ரூம் எங்கே இருந்தது? ஒரு தூணடியில் மகனைக் கவிழ்த்துப் போட்டு அவன் மேல் தன் உடம்பைப் பரப்பிப் படுத்துக்கொண்டார். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஹஜ்ரத் பழமும் வாயுமாக வந்து அரபியில் என்னவோ விளக்கினார். விளங்கியதும் ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார்.

சபுராளுக்கும் சிரிப்புதான் வந்தது. தாலாட்டுக் கேட்டவுடன் மனுஷன் எப்படித் தூங்கிவிட்டார் பார் என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ராவுத்தருக்குப் பல் கிட்டித்திருந்தது. அது பீரங்கி என்று ஹஜ்ரத் மூன்று தடவை சொன்ன பிறகும் அவர் பிடியை விடவில்லை, அசனின் கையையும் காலையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக இந்த மனுஷன் தினமும் இந்தப் பயத்தோடுதான் அந்த ரூமுக்குப் போய் வந்தாரா? சபுராளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சீனிச்சாமிக்குப் போன் போட்டார். சீனிச்சாமிக்குக் காது மந்தம், அதனால் அவன் போனில் கத்துவது பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாகளா? தலையை எண்ணுனியா?" என்றார் ராவுத்தர்.

"முதலாளி, இங்கன இருட்டி எம்புட்டு நேரமாச்சு. ஆபீஸப் பூட்டிட்டு வந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். அங்கன என்ன ஆச்சு?"

ராவுத்தர் போனை வைத்தார். சபுராள் தன் கையால் ஒரு பழத்தை அவர் வாயில் வைத்தாள். அதை மென்று விழுங்கிய பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"அசன் வேண்டாம் சபுரா. அவன் செல்போன் கடையே வைக்கட்டும்."

அசனுக்கு அது விளங்கவே கொஞ்சம் நேரம் ஆனது. சபுராளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கஃபாவை இன்னும் பார்க்கவே இல்லை, வாயைத் திறந்து கேட்கவும் இல்லை, அதற்குள் கிடைத்துவிட்டது. இத்தனை மலிவாகக் கொடுப்பான் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலைந்து சேர்த்துக் கொண்டுவந்திருக்கலாமே என்றுகூட ஓடியது புத்தி. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகிவிட்டது.

மஃரிபு என்கிற அந்தித் தொழுகை முடித்து, ஹஜ்ரத் கொடுத்த சமோசா இரண்டும் ரொட்டியும் உள்ளே போனதும் ராவுத்தருக்கு ரத்தம் ஊறியது, கூடவே வியாபாரமும் ஊறியது. மறுபடியும் போனை எடுத்தார். மருந்து ரூமுக்கு இனிமேல் உன் மகன் முனியராஜை எடுத்துக்கொள், கலவையை அவனுக்குச் சொல்லிக்கொடு, ரகசியம் உன் வீட்டைத் தாண்டாதில்லையா என்றார். அந்தப் பக்கம் சீனிச்சாமி தன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற சத்தம், "ஏ வள்ளித்தாயி, இங்கன வா, முதலாளி என்ன சொல்றாகன்னு கேளு" என்று மக்கா முற்றத்தில் கேட்டது.

முனியராஜும் அசனும் ஒரே வருஷம் பிறந்த பிள்ளைகள். பெருநாள் பிரியாணிக்கு வந்தால் முனியராஜ் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, அசன் மிச்சம் வைத்ததையும் கேட்டு வாங்குவான். சபுராள் புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"சீனிச்சாமி, முனியராஜ் அந்த ரூமுக்குப் போக வேண்டாம்."

"ஏம்மா, அவன் எதும் தப்புத்தண்டா பண்ணிட்டானா?"

"தப்பெல்லாம் இல்ல. உசுருக்கு ஆபத்துல்ல?"

"அது தெரியாதாம்மா எங்களுக்கு? இப்ப மட்டும் அவன் மெத்தையிலயா படுத்திருக்கான், திரி ரூம்லதானே கெடக்கான். மருந்து ரூமுன்னாச் சம்பளம் கூடும், நாலு பேரு பொண்ணு குடுக்க வருவாக. கெடுத்துராதீகம்மா. புண்ணிய பூமியில இருக்கீக, அவனுக்காக உங்க ஆண்டவன்ட்ட ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க."

சபுராள் போனைப் புருஷனிடம் கொடுத்தாள். ஆபீஸ் நடக்கணும்னா அந்த ரூம்ல யாராச்சும் ஒருத்தன் உக்காந்துதானே ஆகணும் என்றார் ராவுத்தர், சமாதானமாகத்தான். அந்தக் கணக்கில் அவள் எங்கே பிழை சொல்வாள்? அவளும் அசன் என்ற பேரை மட்டும்தானே அழுத்தி வைத்திருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பற்றி அவள் துஆவில் ஒரு எழுத்து இல்லை. நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஹஜ்ரத் எல்லோரையும் தலை குனிந்து வரச்சொல்லி உள்ளே கூட்டிப்போனார். இப்போது பாருங்கள் என்றார். சபுராள் நிமிர்ந்தாள். கறுப்புத் துணி போர்த்தி, கூட்டத்துக்கு நடுவே, கஃபா நின்றது. செதுக்கி வைத்திருந்த துஆவுக்கு இனி வேலை இல்லை. புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. கையை ஏந்தியபோது வாயில் வந்தது சண்டைதான்.

"என் பிள்ளைய வெளிய எடுத்து வள்ளித்தாயி பிள்ளைய உள்ள வைக்கவா நான் இம்புட்டுத் தூரம் வந்தேன்? அந்த ரூமுக்கு யாராச்சும் ஒருத்தன் போயித்தான் ஆகணும்னா, இது என்னய்யா நியாயம்? நீயே சொல்லு."

பிறகு வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற துருக்கிக்காரக் கிழவி ஒருத்தி இவள் பக்தியைப் பார்த்து உருகி, முதுகைத் தடவிக்கொடுத்துக் காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினாள். சபுராள் அதை வாங்கி மூக்கைச் சிந்தினாள்.

ராவுத்தர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "என்ன கேட்ட?"

"கேக்கல. வஞ்சேன்."

"யாரை?"

"எல்லாரையும். உங்களையும் சேத்து."

ராவுத்தர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். குழு கூட்டத்தோடு கூட்டமாகக் கஃபாவைச் சுற்றத் தொடங்கியது. அசன் முன்னால் போனான், எப்போதையும்விடக் கொஞ்சம் நிமிர்ந்து. சபுராள் அவன் முதுகைப் பார்த்தபடியே நடந்தாள். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.