மாறிப்போன இரண்டு உறைகள்

தேர்தல் முடிந்தும் எனக்கு நிம்மதியில்லை. எங்கள் அரிசோனாவில் மாநிலத் தேர்தல்களை மேற்பார்வையிடுகிற செயலாளர் பதவிக்கே போட்டி. ஒருத்தி தபால் ஓட்டைக் காப்பாற்றுவேன் என்கிறாள். எதிர்த்து நிற்பவன் அதை ஒழித்துக்கட்டுவேன் என்கிறான். வாக்குச்சாவடிக்குப் பாலைவனத்தைத் தாண்டிப் போகவேண்டிய எங்கள் பாலோ செகோ ஊரில் தபால் ஓட்டு போனால் ஓட்டே போன மாதிரிதான். எண்ணிக்கையோ இழுபறி. நான் சும்மா இருப்பேனா? அவள் ஆட்களோடு சேர்ந்துகொண்டேன். கையெழுத்துத் தகராறில் நிறுத்திவைத்த ஓட்டுகளுக்கு உரியவர்களைத் தேடிப்பிடித்து, தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் வேலை. இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

மிஞ்சியிருந்தது ஓர்த்தென்சியா அக்கா வீடு. சோளமாவில் அவிக்கிற தமாலே விற்கிறவர். இந்த வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. இதுதான் முதல் ஓட்டு.

"அக்கா, உங்க உறையில உங்க வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கு, அவர் உறையில உங்க கையெழுத்து. மாத்திப் போட்டுட்டீங்க. ரெண்டு பேரும் நேர்ல போய்ச் சரிபண்ணலேன்னா ரெண்டும் செல்லாது."

அக்கா கரண்டியை விட்டெறிந்தார். "அந்த எவாரிஸ்தோ! கண்ணாடியும் போடாம, 'பீன்ஸ் தீயுது, சீக்கிரம் கையெழுத்துப் போடு'ன்னு நீட்டினான். எத்தனை வருஷம் காத்துக் கிடந்து வாங்கினேன்டி, கிரிசெல்டா! என் ஓட்டு குப்பைக்கா போகணும்?" அழுதேவிட்டார்.

"அழுதது போதும், கிளம்புங்க."

குடியுரிமை வாங்கியபோது உடுத்திய நீல உடையில் வந்து ஏறினார். எவாரிஸ்தோ அண்ணனை அவர் தம்பியின் டயர் கடையில் பிடித்தோம். வண்டியில் உட்கார்ந்ததுமே சண்டை ஆரம்பம்.

"என் ஓட்டைக் கெடுத்த பாவி!"

"கெட்டா நல்லதுதான். உன் ஆளு ஜெயிக்கக் கூடாதுன்னுதான் நான் எதிராளிக்குப் போட்டேன்."

என் கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து நழுவியது. அடப்பாவி மனுஷா! ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இவ்வளவு ஓட்டம் ஓடி எங்களுக்கு மிச்சம் பூஜ்யம்.

அந்த நேரம் பார்த்து ரயில்வே கேட் விழுந்தது. சரக்கு ரயில், முடிவே தெரியவில்லை. பேசாமல் இங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன? யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து ரயில் பாலத்துக்கு அடியில் வறண்ட ஓடை வழி ஒன்று உண்டு. அதில் இறக்கினால் என் வண்டியின் அடிவயிறு கிழிந்துவிடும்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் அக்கா குடியுரிமைச் சான்றிதழை மடியில் வைத்து, நகராத கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைகூட நின்றுபோயிருந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கணக்கா பார்க்கிறாய் நீ?

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க!"

ஓடையில் இறக்கினேன். கற்களெல்லாம் அடியில் மோதின. அண்ணன் மாதாவைக் கூப்பிட்டார். அக்காவோ, "இன்னும் வேகமாடி!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அலுவலகப் பெண்மணி கதவைப் பூட்டச் சாவியோடு வந்துகொண்டிருந்தார். அக்கா உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, வாசலில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"உள்ள வந்தாச்சு!"

அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே வழிவிட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார்.

வெளியே வந்ததும் எங்கள் குழுத் தலைவி கெண்ட்ரா போன் செய்தாள்.

"நமக்கு எத்தனை கிடைச்சுது?"

"ஒண்ணு வந்துச்சு. அவனுக்கும் ஒண்ணு போச்சு."

"பைத்தியமா உனக்கு? பின்ன எதுக்கு இந்த ஓட்டம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அந்தப் பக்கம் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"நான் ஓட்டுப் போட்டுட்டேன்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.