விடுபட்ட ஈரடி

வெண்பளிங்கைத் தன் வயிற்றில் சுமந்த கிரேக்கத் தீவாம் பாரோசின்மேல் மாலைக்கதிர் சாய, மீன்படகுகள் துறைநோக்கித் திரும்ப, ஆட்டு மந்தைகள் மேட்டினின்று இறங்கிய அவ்வினிய பொழுதிலே, பாடல் சுவைக்கும் ஆன்றோரே, பைதிமன் வீட்டு ஆடவர் கூடத்தில் விருந்து களைகட்டியது. அவன் மறைந்த தந்தை கட்டியதென ஊரே போற்றிய பாடல் மறுநாள் அவர் பெயரோடு கோயிற் கல்லில் ஏறவிருந்தது.

நறுமணக் கிளையைக் கையில் பெற்றவர் பாடவேண்டும். பாடியவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர வல்லவர்க்கு அக்கிளை உரியது. இஃது எங்கள் விருந்து வழக்கம். வீட்டுப் பெண்டிர்க்கோ கூடத்தில் இடமில்லை. குழலூத வந்த யோலை ஒருத்தியே அங்கிருந்த பெண். பைதிமனின் மறைந்த அத்தை தெமோனிக்கையால் அடிமைத்தளை நீங்கியவள் அவள்; அத்தை தறியருகே அமர்ந்து அப்பாடலைக் கட்டக் கண்ணாரக் கண்டவள். தனக்கு வாழ்வளித்தவளின் பெயர் நாளையோடு மண்ணாய்ப் போகுமே என்று அவள் நெஞ்சு பதைத்தது.

பைதிமன் பாடி நிறுத்தினான். யோலை குழலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் ரெண்டு அடி இருக்குங்க, ஐயா."

"அடேயப்பா! ஊத வந்தவளுக்கு வாய் நீளுதே!" என்றார் விருந்துத் தலைவராகிய கிழவர் நிகாண்டன்.

"குழல் வாயில இருந்தா பேச முடியாதுங்களே. அதான் எடுத்துட்டேன்."

கூடம் சிரித்தது. கிழவரும் சிரித்தார். "வழக்கம்னா வழக்கம்தான். கிளைய அவகிட்ட குடுப்பா, பைதிமா."

கிளையை வாங்கி யோலை பாடினாள்:

*தறியொலி ஓய்ந்ததும் யானும் ஓய்வேன்;*
*தெமோனிக்கை பாடினாள் எனச்சொல் கடலே!*

"பொய்!" என்று பைதிமன் எழுந்தான். அதே நொடியில் உள்வீட்டுக் கதவுக்குப் பின்னிருந்து, நூற்றுக்கொண்டிருந்த பெண்டிர் அனைவரும் அவ்வீரடியைத் திருப்பிப் பாடினர். அக்குரல்களுள் ஓங்கி ஒலித்தது அவன் தாயின் குரல்.

"அம்மா! உனக்கு இது தெரியுமா?"

"இந்தப் பக்கம் எல்லாருக்குமே தெரியும்டா. அந்தப் பக்கத்துல யாராவது கேட்டீங்களா?"

பைதிமன் தலைகுனிந்தான். தந்தை ஈரடியை விட்டுப் பாடியதைக் கேட்டே வளர்ந்தவன் அவன். பின் யோலையை நோக்கிக் கைகூப்பினான்.

"எங்க அத்தைய எனக்குத் திருப்பிக் குடுத்துட்டம்மா. நீ நல்லா இருக்கணும். நாளைக்கு அவங்க பேரத்தான் வெட்டச் சொல்றேன்."

யோலை விம்மி அழுதாள். பட்ட நன்றிக்கடனைத் தீர்க்க அவளுக்குக் கிடைத்தது ஒரேயொரு மாலைப்பொழுது, அதை அவள் தவறவிடவில்லை. இன்றும் எங்கள் பெண்டிர் அவ்விருவர்க்கும் நன்றி கூறியே தறியில் அமர்கின்றனர். ஆடவனாகிய யான் இதனை அறிந்ததுகூட, ஒருநாள் கதவைத் தாண்டிச் சென்று, என் தாயிடம் கேட்டதனால்தான்.