ஷெரீப்பும் மச்சானும் ஏறிய சாரட்டு

1950ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்த வியாழக்கிழமை, ஷெரீப் பதவிக்கு நின்று ஜெயித்த எல்சி மெஸிக்கும் தோற்ற லெவின் டிரூயிட்டும் ஊர்வலச் சாரட்டில் சேர்ந்து ஏறினார்கள். பிறகு இருவராலும் இறங்க முடியவில்லை. அன்று கோழி விலையும் சரிந்திருந்ததால் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டெலவேர் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு வியாழக்கிழமை எல்லோரும் மாவட்டத் தலைநகருக்கு வந்துவிடுவோம். அதற்குத் திரும்பும் நாள் என்று பெயர். வானொலி முந்தாநாளே சொல்லிவிட்ட முடிவுகளை, உயரத் தொப்பி வைத்த ஒருவர் நீதிமன்ற மாடியில் நின்று புதிதாக வாசிப்பார். நாங்களும் புதிதாகக் கேட்டு வியப்போம். ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே சாரட்டில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கையசைத்தபடி போவார்கள். பகையைப் புதைப்பதற்கு அடையாளமாகக் கட்சித் தலைவர்கள் ஒரு கோடரியைச் சேர்ந்து பிடித்து மணலில் புதைப்பார்கள். முழு மாட்டைச் சுட்டு, ரொட்டிக்குள் வைத்து, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். மாடு தீரும்போது பகையும் தீர்ந்துவிட வேண்டும். சிரித்துக்கொண்டே பல்லைக் கடிப்பதில் எங்களை மிஞ்ச இந்த நாட்டில் வேறு மாநிலம் கிடையாது.

அன்று வண்டியோட்டி பர்னல் கைகொடுத்து இழுத்துப் பார்த்தார். கோட்டு வந்தது, ஆள் வரவில்லை. தச்சரைக் கூப்பிட்டு இருக்கைப் பலகையைக் கழற்றினார்கள். இருவரும் அதே உயரத்தில், வெறும் காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க நன்றாக இல்லை என்பதால் பலகையைத் திரும்பப் பொருத்திவிட்டார்கள். மனதில் பகையை வைத்துக்கொண்டு ஏறியவர்களுக்கு அது தீரும்வரை இறக்கம் இல்லை என்று பாதிரியார் சொன்னார். அப்படியானால் இத்தனை காலமாக ஏறியவர்கள் எப்படி இறங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரில் பல பெரிய மனிதர்களுக்குச் சங்கடம்.

பகை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். எல்சியின் மனைவி ஹெஸ்டர், லெவினின் கூடப்பிறந்த தங்கை. அவர்கள் அப்பா விட்டுப்போனது கடற்கழி ஓரத்தில் ஓர் உப்புச் சதுப்பு. கடல் வற்றும்போது மூன்று மாவட்டம், ஏறும்போது இரண்டு என்று அயலார் எங்கள் மாநிலத்தைக் கேலி பேசுவார்கள். அந்தச் சதுப்பைப் பார்த்தால் கேலி என்று தோன்றாது. அரைநாள் நிலம், அரைநாள் தண்ணீர். லெவின் அதைச் சுற்றி வேலி போட்டார். அது தன் மனைவியின் பங்கு என்று எல்சி இன்னொரு வேலி போட்டார். கடல் பாரபட்சம் பார்க்காமல் இரண்டு வேலிகளையும் கொண்டுபோனது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் நின்ற தேர்தலில் மற்றவரும் நின்றதே அதனால்தான்.

சாரட்டை நீதிமன்றத்துக்கு எதிரே மரத்தடியில் நிறுத்தினார்கள். மழைக்குத் தார்ப்பாய், குளிருக்குக் கணப்பு. எல்லோர் மனதிலும் எழும் அந்தக் கேள்விக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கு மேல் எழுத வரலாற்றில் இடமில்லை. எல்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஷெரீப் வேலை பார்த்தார். கோர்ட் உத்தரவுப்படி நிலங்களை ஏலம் விடுவதும் அங்கேதான் நடந்தது.

“மச்சான், அந்தக் கடைசியில நின்னு கை தூக்குனவன நீ பாக்கவே இல்ல” என்பார் லெவின்.

“எனக்கும் கண்ணு இருக்கு. ஜெயிச்சது நான்.”

“ஜெயிச்சு எங்க போயிட்ட? என் பக்கத்துலதான உக்காந்திருக்க?”

இரண்டு பேர் முறைத்துப் பார்க்க நடந்த அந்த ஏலங்களில் ஒரு தப்புகூட நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலில் லெவின் ஜெயித்தார். பதவி மட்டும் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தது.

இத்தனை வருடமும் இரண்டு வீட்டுக் கோழிப் பண்ணைகளையும் ஹெஸ்டர்தான் பார்த்துக்கொண்டாள். லெவினுக்கு மனைவி இல்லை. தினமும் மதியம் இரண்டு பாத்திரங்களில் வழவழவென்ற மாவுத்துண்டுகள் போட்ட கோழிக்குழம்பு கொண்டுவருவாள். தங்கமான மனசு என்று ஊரே மெச்சியது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: கிறிஸ்துமஸ் அன்றைக்காவது புருஷனும் அண்ணனும் ஒன்றாக உட்கார்ந்து அவளோடு சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் மேஜையில் மூன்று தட்டு வைத்தாள். ஒரு தட்டில் மட்டும் சாப்பாடு விழுந்தது.

ஒரு வசந்த காலத்தில் அவள் பொறுமை தீர்ந்துபோய்த் தானே சாரட்டில் ஏறினாள். இருவர் கையையும் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். அவர்களும் அலுத்துப்போயிருந்தார்கள். “மன்னிச்சுட்டேன்” என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. “சரி, கோழிக்குத் தீவனம் வைக்கணும்” என்று ஹெஸ்டர் எழப் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

“அக்கா, உங்களுக்குமா?” என்றார் பர்னல், தொப்பியைக் கழற்றி.

அவள் அண்ணன் பக்கமும் புருஷன் பக்கமும் திரும்பினாள்.

“அந்தச் சதுப்பு எனக்குன்னுதான் அப்பா சொன்னாரு. ரெண்டு பேருக்கும் தெரியும். அண்ணே, வேலி போடுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஏங்க, என் பங்குன்னு சொல்லித்தான வேலி போட்டீங்க, அதுல நான் கால் வைக்க ஒரு வழி விட்டீங்களா?”

“நீ சொல்லவே இல்லையே, ஹெஸ்டர்” என்றார் எல்சி.

“ஆக்கிப் போட்டுக்கிட்டே இருந்தேன்ல? அதான் உங்க காதுல விழல.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தப்பு தங்களுடையது என்று முதன்முறையாக இருவருக்கும் ஒரே கருத்து ஏற்பட்டது. லெவின் காலை நகர்த்தினார்; நகர்ந்தது. எல்சியும் இறங்கினார். நடை மறந்துபோன கால்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஹெஸ்டர் மட்டும் மேலேயே இருந்தாள்.

அந்த வாரமே சதுப்பை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள், அப்போதும் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு ஆண்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது கணப்பு கொடுத்த ஊர், ஒரே வாரத்தில் “பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது” என்று பேசத் தொடங்கியது. பாதிரியாரும் மன்னிப்பைப் பற்றி நீண்ட பிரசங்கம் ஒன்று செய்தார். அதற்குள் ஹெஸ்டர் சாரட்டில் குதிரையைப் பூட்டச் சொல்லி, உட்கார்ந்தபடியே லூயிஸ் கடற்கரைக்குக் கரையேறும் நண்டுகளைப் பார்க்கப் போய்விட்டாள். பக்கத்திலேயே இருந்தும் பண்ணை வேலையில் அவள் கடலைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த திரும்பும் நாளில் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் சாரட்டருகே வந்தபோது அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏறுங்க, இடம் இருக்கு. மனசுல ஏதாவது வச்சிருக்கிறவங்க மட்டும் நடந்தே வந்துடுங்க.”

அந்த வருடம் ஊர்வலத்தில் எல்லோரும் நடந்தே போனார்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது சமைப்பது எல்சியும் லெவினும். மாவுத்துண்டுகள் செருப்புத் தோல் கனத்துக்கு இருக்கின்றன. ஞாயிறுதோறும் இருவரும் பாத்திரத்தோடு வந்து, “இறங்குறியாம்மா?” என்று கை நீட்டுவார்கள். அவள் தன் மனதுக்குள் நேர்மையாகத் தேடிப்பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு” என்பாள். அவர்களும் சரி என்று சாரட்டின் படியில் உட்கார்ந்து, முதலில் அவள் தட்டில் பரிமாறுவார்கள்.