அரம் படாத இடம்

அரத்தூளை ஊதித் தள்ளிவிட்டு அண்ணன் வில்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முனைகள் முன்னோக்கி வளைந்த அந்தப் பழைய மர ரீகர்வ் வில்லில் அம்பு உட்காரும் திட்டு அதுவரை பலகைபோல் தட்டையாக இருந்தது. இப்போது நடுவில் மேடிட்டு, முன்னும் பின்னும் சரிந்திருந்தது.

"அம்பு முழுசா படுத்துக் கிடந்தா கிளம்பறப்ப உரசத்தான் செய்யும். இனி ஒரே இடத்துலதான் தொடும்."

கண்ணாடிக் கடையின் பின்னறை அது. லென்ஸ் விளிம்பு தேய்க்கும் மேஜையில் முப்பது வருஷமாக உட்கார்ந்தவர், ஒரு அம்புகூட விட்டதில்லை. தங்கையின் அம்புகள் இடப்பக்கம் நழுவுவதை இரண்டு ஞாயிறு மைதான ஓரத்திலிருந்து பார்த்தார். மூன்றாவது ஞாயிறு, "கோளாறு உன் கையில இல்ல," என்றார்.

வில்லில் அரம் வைக்கப்போவதாகச் சொன்னபோதே அவளுடைய கோச்சுக்குப் பிடிக்கவில்லை. "நாப்பது வருஷத்து வில்லும்மா. அரம் வச்சா அதோட கதை முடிஞ்சுது. கண்ணாடிக்காரருக்கு எதுக்கு இந்த வேலை?"

இப்போது அண்ணன் இழைத்த திட்டின்மேல் மெல்லிய தோலை ஒட்டி, கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்தினார்.

"இனிமே குறி தப்பினா வில்லைத் திட்ட முடியாது. கண்ணைத்தான் திட்டணும். அதுக்கும் என் கடைக்குத்தான் வரணும்."

"ஆரம்பிச்சிட்டியா உன் வியாபாரத்தை!" என்றாள் தங்கை.

முன்கடையில் மணி ஒலித்தது. வந்தவருக்குக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் திரும்பியபோது, அண்ணன் மேஜைமேல் தலை சாய்த்திருந்தார். கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். பிறகு அண்ணியைக் கூப்பிட ஓடினாள்.

மறுநாள் காலை கோச் வந்தார். கூடத்தில் மாலையோடு கிடத்தியிருந்த அண்ணனைப் பார்த்துவிட்டு, அண்ணியின் எதிரே உட்கார்ந்தார். எழும்போது தங்கையிடம் தயங்கினார்.

"கேக்கற நேரமில்லதான். போட்டிக்கு அணிப் பட்டியலை இன்னிக்குக் கொடுத்தாகணும். அவர் எவ்வளவு இழைச்சார்னு தெரியல. திட்டோட உயரம் குறைஞ்சிருந்தா கட்டை தாங்காது, இழுக்கறப்ப உன் முகத்துலயே உடையும். பார்க்காம நான் பேர் எழுத முடியாதும்மா."

அவள் வில்லை எடுத்து வந்தாள்.

"தோலைப் பிரிக்கணும்," என்றார் கோச்.

அண்ணன் விரல் கடைசியாக அழுத்திய தோல். அவள் கை அசையவில்லை.

"பிரி," என்றாள் அண்ணி. "அவர் வேலையைப் பிரிச்சுப் பார்த்தா அவருக்குக் கோபம் வராது. பிரிக்காமலே சந்தேகப்பட்டாத்தான் வரும்."

அவள் ஓரத்தில் நகத்தை நுழைத்து மெதுவாக உரித்தாள்.

மேட்டின் உச்சியில், குறுக்கே, ஒரு பென்சில் கோடு. தேய்க்கத் தொடங்குமுன் போட்டது. அதன் இருபுறமும் மரம் வழுவழுப்பாக இறங்கியிருந்தது. கோட்டின்மேல் அரம் ஒருமுறைகூடப் படவில்லை.

கோச் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அந்தக் கண்ணாடியும் அண்ணன் கடையில் செய்ததுதான்.

"ஒரு நூல்கூட உயரம் குறையல," என்றார். "யார்கிட்ட கத்துக்கிட்டார்?"

"யார்கிட்டயும் இல்ல," என்றாள் அண்ணி. விடிந்ததிலிருந்து குனிந்தே இருந்த தலை நிமிர்ந்திருந்தது. "பார்த்தார். செஞ்சார்."

ஒட்டியிருந்த பசையைத் துடைக்கக் கோச் கைக்குட்டையை நீட்டினார். தங்கை வில்லைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கோடு இருக்கட்டும் சார்."

அவர் அங்கேயே நின்று, சட்டைப் பையிலிருந்த பட்டியலில் அவள் பெயரை எழுதினார்.

அதற்குப் பிறகு மூன்று முறை தோல் தேய்ந்து, மூன்று முறை மாற்றியாயிற்று. சரிவுகளில் மட்டும் பசை தடவி ஒட்டுகிறாள். கோடு அப்படியே இருக்கிறது.