நாற்பதைத் தாண்டாத வண்டி

தன் வண்டியில் ஏறியவர்களில் ஒருவர்கூட இதுவரை குறை சொன்னதில்லை என்பது அப்பாவின் பெருமை. அமரர் ஊர்தி ஓட்டுபவர் அவர். குறை சொல்லக்கூடிய நிலையில் யாரும் ஏறியதில்லை என்பது அம்மாவின் பதில். பல வருடங்களாக இருவரும் இதை மாறி மாறிச் சொல்லிவந்தார்கள். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

மகளுக்கு வீட்டில் ஆந்தை என்று பெயர். பத்தொன்பது வயது. கல்லூரியை முதல் வருடத்தோடு விட்டுவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பார்சல் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நகரும் பட்டையில் பெட்டிகள் வரும். ஊர்ப் பெயரைப் பார்த்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ள வேண்டும். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று வெளியே சொன்னால் கெட்டுப்போகும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் கிடங்குக்காரர்கள் ஆட்களை ஏற்றிவந்த வேனை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவரவர் வழியில் வந்து சேர வேண்டும். கிடங்கு வரைக்கும் பஸ் கிடையாது. காற்று அதிகம் என்று பாலத்தில் இரு சக்கர வண்டியையும் விடமாட்டார்கள். ஆக, கார் வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். அவளுடைய கல்லூரிப் பையை அம்மா இன்னும் தூக்கிப் போடவில்லை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை அம்மா அதைத் தூசி தட்டுவாள்.

ஆந்தை சேர்த்து வைத்திருந்த பணத்துக்குப் புது வண்டியில் இரண்டு கதவும் ஒரு ஸ்டியரிங்கும் வரும். பழைய வண்டிதான் என்று முடிவானது.

"மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டுப் போகலாம்ப்பா."

"எதுக்கு?"

"வண்டியைப் பாக்க."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார். "இந்த ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாரும் கடைசியா என்னை நம்பித்தான் ஏறியிருக்காங்க. உனக்கு நான் போதாதா?"

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். வாங்கிய சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே குரல் கெட்டியாகிவிட்டது. "வாங்கினப்புறம் திருப்பித் தர முடியாதுடி. யோசிச்சுக்கோ," என்றாள். காரைச் சொன்னாளா, அப்பாவைச் சொன்னாளா, தெரியவில்லை.

முதலில் பார்த்தது சிவப்பு வண்டி. விற்ற பையன் பின்பக்கம் முழுக்க ஸ்பீக்கர் அடைத்து வைத்திருந்தான். அப்பா பின்கதவைத் திறந்து, கையை நீட்டி அகலம் பார்த்து, மூடினார்.

"இதுல ஒருத்தரைப் படுக்க வைக்க முடியாது."

"யாரை சார் படுக்க வைக்கப் போறீங்க?"

"சொல்ல முடியுமா?" என்றார் அப்பா.

பையன் அதற்குமேல் விலை பேசவில்லை.

இரண்டாவது, நீல நிறத்தில் சின்ன வண்டி. விற்றது ஒரு கணக்கு டீச்சர். சக்கரம் புதுசு, எஞ்சின் பூனை மாதிரி உறுமியது, விலையும் கைக்குள் இருந்தது. ஆந்தைக்கு உட்கார்ந்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் ஓட்டிப் பார்த்தவர் அப்பா. கிளட்சை விட்டதும் வண்டி லேசாகக் குலுங்கிக் கிளம்பியது. அப்பா உடனே நிறுத்தினார்.

"குலுங்குதே."

"கிளம்பும்போது மட்டும்தான் சார். கிளம்பிட்டா பறக்கும்," என்றாள் டீச்சர்.

"பறக்கறது யாருக்கு வேணும்? பின்னாடி இருக்கறவங்க தலை இடிச்சுக்குவாங்க."

டீச்சர் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அப்பாவின் கறுப்புக் கோட்டையும் கோட்டுப் பையில் குத்தியிருந்த அமரர் ஊர்திக் கம்பெனிச் சின்னத்தையும் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டாள்.

"அப்பா, எனக்கு இது பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கறது வேற, சரியா இருக்கறது வேற."

கிடங்கில் அவளுக்குப் பக்கத்துப் பட்டையில் நிற்கும் நெட்டை, இடைவேளையில் இதைக் கேட்டுவிட்டு டீச்சரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டான். மறுநாளே நீல வண்டி அவனுடையதாகிவிட்டது.

மூன்றாவது வண்டியைக் காட்டியவர் ஒரு புரோக்கர். சாம்பல் நிறம், நல்ல நீளம், பின்கதவு ஆள் அகலத்துக்குத் திறந்தது. அப்பாவின் முகம் அப்போதே மலர்ந்துவிட்டது. புரோக்கர் பின்சீட்டில் ஏறிக்கொள்ள, ஆந்தை முன்னால் உட்கார, அப்பா வண்டியைக் கிளப்பினார். கிளம்பியதே தெரியவில்லை. கடைத்தெரு வழியாக, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, ஆற்றங்கரைச் சாலையில் போய்த் திரும்பினார்கள். நடந்துபோன இரண்டு கிழவர்கள் அவர்களை முந்திப் போனார்கள். வளைவில் அப்பா ஸ்டியரிங்கைத் திருப்பியது, தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல் இருந்தது. பின்னாலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

"கேட்டியா?" என்றார் அப்பா மெல்ல. "இதுதான் வண்டி."

எழுப்பியபோது புரோக்கருக்குக் கண்ணே கலங்கியிருந்தது. "இந்தத் தொழிலுக்கு வந்து என்னை யாரும் இப்படி ஓட்டிக் கூட்டிட்டுப் போனதில்ல சார்," என்றார். விலையிலும் கொஞ்சம் குறைத்தார். வாழ்க்கையில் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்துவிட்டவர் மாதிரி அப்பா அன்று இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டார்.

முதல் நாள் மாலை ஆந்தை வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். முப்பதில் நன்றாகப் போனது. நாற்பதிலும் பழுதில்லை. நாற்பதைத் தாண்டி முள் நகர்ந்ததும் வண்டிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. ஸ்டியரிங் நடுங்கியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி தானாகத் திறந்து காகிதங்களை அவள் மடியில் கொட்டியது. கண்ணாடி கழுத்து ஒடிந்த கோழி மாதிரி தொங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். நாற்பதுக்கு வந்ததும், எதுவுமே நடக்காததுபோல் வண்டி அமைதியானது.

பாலத்துக்கு ஏற வேண்டுமென்றால் பெரிய சாலையின் ஓட்டத்தில் நுழைய வேண்டும். நாற்பதில் வருகிறவளுக்கு அங்கே யார் வழி விடுவார்கள்? ஒதுங்கி நின்று இடைவெளிக்குக் காத்திருந்தாள். இடைவெளி வரவில்லை, ஹாரன்தான் வந்தது. அவளுக்கு முந்தைய தலைமுறைகளையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான் ஒரு லாரிக்காரன். நெட்டை நீல வண்டியில் சர்ரென்று கடந்தான், கையை வேறு ஆட்டிவிட்டு.

கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டை ஓட ஆரம்பித்திருந்தது. மறுநாளும் அதே கதை. சூப்பர்வைசர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "இன்னொரு தடவை லேட்டுன்னா வராதே," என்றார், வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அச்சு வளைஞ்சிருக்கு. மாத்தறதுக்கு நீ வண்டி வாங்கின காசு ஆகும். யாரும்மா ஓட்டிப் பாத்து வாங்கினது?"

"எங்கப்பா."

"டிரைவரா?"

"அமரர் ஊர்தி."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "பாத்ததுக்குக் காசு வேணாம், போம்மா," என்றார்.

அன்று சாப்பிடும்போது அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"நாப்பதுக்கு மேல போனா ஆடுதுப்பா."

"நாப்பதுக்கு மேல எதுக்குப் போற?"

"எல்லாரும் போறாங்க."

"போயி?" என்றார் அப்பா. "அவசரமாப் போனவங்களை எல்லாம் நான்தான் அப்புறம் மெதுவாக் கூட்டிட்டுப் போறேன்." அத்தோடு பேச்சு முடிந்தது என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆனால் அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா எழுந்துபோய்க் கல்லூரிப் பையைத் தூசி தட்டினாள். வாரம் இன்னும் முடியவில்லை.

அடுத்த மாலை மழை. பகலில் தூக்கமே வரவில்லை. கண் வீங்கி, முகம் வெளுத்து, கிடங்கின் கறுப்புச் சீருடையில் ஆந்தை வண்டியில் உட்கார்ந்தாள். இன்றோடு வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எதிரே ஒன்றும் தெரியாததால் முன்விளக்கைப் போட்டாள். பின்னால் வருகிறவன் இடித்துவிடக் கூடாதே என்று நான்கு மூலையிலும் விட்டு விட்டு எரியும் மஞ்சள் விளக்கையும் போட்டாள். நாற்பதில், கண்ணாடிக்கு அப்பால் எதையோ வெறித்தபடி, பெரிய சாலையை நெருங்கினாள்.

ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னான். அதன் பின்னால் வந்த காரும் நின்றது. சாலையோரம் குடையில்லாமல் நின்ற ஒருவர் மழையைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார். பாலம் முழுக்க ஒருவன்கூட ஹாரன் அடிக்கவில்லை. முந்திப் போகவும் யாருக்கும் மனசு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் வரிசையாக வண்டிகள், ஒன்றையொன்று நெருக்காமல், தலை குனிந்தாற்போல் வந்துகொண்டிருந்தன.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது: அப்பாவின் வண்டிக்குத்தான் அப்படி வழி விடுவார்கள்.

மறுநாள் மழை இல்லை. விளக்குகளைப் போட்டுக்கொண்டாள். தூக்கம் கெட்ட முகத்துக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே போனது. ஒரு பெண் வாகன நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே வந்து, இறங்கி, ஆந்தையின் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆந்தை "சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வது?

இதை அவள் அம்மாவிடம்தான் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆளே இல்லாம ஊர்வலமா?"

"நான் ஊர்வலம்னு யார்கிட்டயும் சொல்லலப்பா. விளக்குதான் போட்டேன்."

"ஜனங்க தொப்பியைக் கழட்டறாங்கன்னா அது சும்மா இல்ல. அதுக்கு ஒருத்தர் செத்திருக்கணும். நீ பண்றது மோசடி. நாளைக்கு நானே வந்து பாக்கறேன். அப்படித்தான் நடக்குதுன்னா அதோட விளக்கு கிடையாது, சொல்லிட்டேன்."

விளக்கு இல்லையென்றால் வேலை இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். கொக்கியில் தொங்கிய கல்லூரிப் பைக்கும் தெரியும்.

"திரும்பி எப்படி வருவீங்க?" என்றாள் அம்மா.

"எங்க கம்பெனி வண்டி அந்தப் பக்கம் ஒரு வேலையா வருது. அதுல வந்துடுவேன்."

"முன்னாடி உக்காந்தா, பின்னாடி படுத்தா?"

அப்பா மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

மறுநாள் மாலை வேலை முடிந்த கையோடு, கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே, அப்பா முன்சீட்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டார். ஆந்தை விளக்குகளைப் போட்டாள். அப்பா உதட்டைப் பிதுக்கினார். பெரிய சாலைக்கு வந்ததும் ஒரு பஸ் நின்று வழி விட்டது. பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாலத்தின் தொடக்கத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மார்போடு பிடித்துக்கொண்டார்.

அப்பாவின் கை தானாக அவிழ்ந்தது. முதுகு நிமிர்ந்தது. மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தள்ளுவண்டிக்காரரைப் பார்த்து, இத்தனை வருடமும் செய்துவந்த மாதிரியே, அளவாக ஒருமுறை தலையசைத்தார். பிறகு வண்டியின் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"எவ்ளோ போற?"

"நாப்பது."

"அதிகம். முப்பத்தஞ்சுக்கு வா."

"லேட்டாயிடும்ப்பா."

"ஆகாது. நாளையிலேர்ந்து சீக்கிரம் கிளம்பு. ஏமாத்தறதுன்னு ஆயிடுச்சு, அதையாவது ஒழுங்காப் பண்ணு. நாப்பதுல போனா யாரோ வேண்டாதவங்களைக் கொண்டுபோற மாதிரி இருக்கு."

அவள் முப்பத்தைந்துக்கு வந்தாள். வண்டி பாலத்தின் மேல் ஒரு அசைவும் இல்லாமல் ஊர்ந்தது. அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல வண்டி," என்றார். அவள் மறுக்கவில்லை.

கண்ணாடியில் பின்வரிசை நீண்டிருந்தது. அவளுக்கு நேர் பின்னால், நீல வண்டியில், நெட்டை. ஹாரனில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மரியாதையாக வந்ததால் அவனும் கடைசியில் விளக்கைப் போட்டான்.

கிடங்கு வாசலில் அப்பா இறங்கி, பின்னால் வந்த வண்டிகளுக்குக் கைகூப்பி அனுப்பி வைத்தார். ஆந்தை ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். பட்டை அப்போதுதான் முனகத் தொடங்கியது.

பின்னால் வந்தவர்கள் கும்பிட்டுத் திரும்பும்வரை நெட்டைக்கு வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. அன்று லேட் அவன்தான்.