ஒன்பது மான்கள்

மருதாம்பாளுக்குக் கோபம் வந்தது பாறையைத் தேய்த்த அன்று இல்லை. பத்து நாள் கழித்து, ரமேஷ்குமார் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் வந்தது.

தேயிலை விலை படுத்துப்போய், ஜெகதளாப் பக்கம் அவள் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த பேக்டரியை மூடியபின், மான்பாறைக்குக் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எஸ்டேட்டுக்கு மேலே சோலை ஓரத்தில் குடைபோலக் கவிந்த பாறை அது. அதன் உட்புறத்தில் யாரோ எந்தக் காலத்திலோ காவிக்கல்லைக் குழைத்து ஒரு மான்கூட்டத்தை வரைந்திருந்தார்கள். அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்து, கம்பிவேலி போட்டு, நீலப் பலகை நட்டு, தினக்கூலிக்கு ஓர் ஆளை வைத்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அந்த வருஷம் மாசம் முழுக்க வேலை இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

தொல்லியல் துறையின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ரமேஷ்குமார். சாவியைக் கொடுத்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "யாரையும் உள்ள விடாதே. சுத்தமா வெச்சுக்க."

சுற்றுலா வந்த எவனோ வேலி தாண்டிக் குதித்து, மான்களின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் 'சுரேஷ் – பிரியா' என்று எழுதிவிட்டுப் போனான். ரமேஷ்குமார் ஜீப்பை விட்டு இறங்காமலே சொன்னார்: "நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாரு. அது அங்க இருக்கக் கூடாது. பாறை பளிச்சுனு இருக்கணும்."

கறையைப் போக்குவது மருதாம்பாளுக்குத் தெரிந்த வேலை. பேக்டரியில் இலை புளிக்கும் தரையில் நேற்றைய கறை நகத்தளவு மிஞ்சினாலும் இன்றைய தூள் வீணாகிவிடும். சலவை சோடா, கொதிக்கிற தண்ணீர், கம்பி பிரஷ். மூன்றையும் அவளே மலையேற்றினாள். முட்டி போட்டுத் தேய்த்தாள். சுரேஷ் போனான். பிரியா போனாள். அதன்பின் முழங்கை வழியாகச் சிவப்புத் தண்ணீர் இறங்கியது. கையை எடுத்துப் பார்த்தபோது கூட்டத்தின் கடைசி மூன்று மான்களும் இல்லை.

அன்று மாலையே போன் பூத்துக்கு ஓடி ரமேஷ்குமாரிடம் சொன்னாள். அவர் வந்து பார்த்தார். "வாயத் திறக்காதே" என்று மட்டும் சொன்னார். பெரிய ஆபீசர் வரவே இல்லை.

இன்று வாசுகி டீச்சர் ஆறாம் வகுப்பை அழைத்து வந்திருந்தார். முப்பத்திரண்டு பிள்ளைகள், பாதிப்பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள். ரமேஷ்குமார் டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் வழவழப்பான நோட்டீஸ் கொடுத்தார். நன்றாகவும் பேசினார்.

"நம்ம தோல் மாதிரி பாறைக்கும் ஒரு தோல் இருக்கு, கண்ணுங்களா. சோப்பு, சோடா எதுவும் ஆகாது. சுடுதண்ணி ஊத்தவே கூடாது. கம்பி பிரஷ் பட்டா அவ்வளவுதான், சாயம் உரிஞ்சு வந்துடும். யாராச்சும் மேல பேர் எழுதிட்டாக்கூட நாமளா அழிக்கக் கூடாது. அதுக்குப் படிச்ச ஆளுங்க இருக்காங்க. பஞ்சால ஒத்தி ஒத்தி, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு நாள்னு எடுப்பாங்க."

வேலிக் கேட்டருகே நின்ற மருதாம்பாளின் காது சுட்டது. அவள் வாளியில் தூக்கி வந்த ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அப்படியானால் இவருக்கு எல்லாம் தெரியும். பதினோரு வயசுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லத் தெரியும்.

முன்வரிசையில் நின்ற ரேகா நோட்டீஸையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், போட்டோவுல ஒம்பது மான் இருக்குதுங்க. இங்க ஆறுதான் இருக்குது."

"அதுவா..." ரமேஷ்குமார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "கீழ லைன்ல சில குடிகாரப் பசங்க இருக்கானுங்க. அவனுங்க பண்ணின வேலை. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட இருந்துதான் நாம காப்பாத்தணும்."

லைன் வீட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரேகா குனியவில்லை. "எங்கப்பாவுங்களா சார்?" என்றாள்.

மருதாம்பாள் கேட்டை ஒட்டியிருந்த ஷெட்டுக்குள் போய்ப் பிரஷ்ஷை எடுத்து வந்து ரேகாவிடம் காட்டினாள். கம்பிகளுக்கு நடுவே செம்மண்போலக் காய்ந்திருந்தது.

"இந்தா பாரு சாமி, மூணு மானும் இதுக்குள்ளதான் இருக்குது. தேச்சது நானு. பளிச்சுனு இருக்கோணும்னு சொன்னது இவரு."

"இந்தாம்மா, என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதானுங்க. இந்தப் புள்ளைங்களுக்கு இப்பச் சொன்னீங்களே, அத எனக்கு ஒரு நாள் சொல்லியிருந்தீங்கன்னா மானு இருந்திருக்குமில்லீங்க? காவலுக்கு வெச்சவளுக்குச் சொல்லறதுக்கு வாய் வலிச்சுதுங்களா?"

"நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

வீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் இந்த வாரம் ரெண்டு நாள் வேலைதான். ஆனாலும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பலகையின் ஆணியில் மாட்டினாள். "என்ர வேலைய எடுத்துக்குங்க. லைன் பசங்க மேல பழி போடாதீங்க. அவனுங்க பாறைப் பக்கம் வந்தே வருஷமாச்சு. வேலை தேடித் திருப்பூருல கெடக்கறானுங்க."

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். டீச்சர் அவனை அதட்டவில்லை.

ரமேஷ்குமார் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சரி சரி, நோட்டீஸெல்லாம் திருப்பிக் கொடுங்க. அதுல... அச்சுப் பிழை இருக்கு."

"பிழை ஒண்ணும் இல்லையே சார்," என்றார் வாசுகி டீச்சர். தன்னுடையதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அதைப் பார்த்ததும் பிள்ளைகளின் கைகள் ஸ்வெட்டருக்குள் போயின. வரிசை முழுக்க நடந்து முடித்தபோது ரமேஷ்குமார் கையில் நான்கே நோட்டீஸ்கள் இருந்தன. கடைசியாக மருதாம்பாளிடம் வந்து கையை நீட்டினார்.

"உன்கிட்ட ஒண்ணு இருக்குமே, குடு."

"எனக்கு எப்பங்க குடுத்தீங்க?"